அச்சில் காணாமல் போன உன் மில் வருஷங்கள்

என் நாயகிக்கு,

உனக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நீ உயிரோடு இருந்தால், "மதினி, மொதல்ல ஒரு டம்ளர் மோர் குடிங்க, பொறவு யாரை வேணும்னாலும் திட்டலாம்" என்பாய். மோர் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ தொடங்கிவைத்த படிப்பு நடக்கிறது. இங்குள்ள ஒரு பல்கலைக்கழகமும் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகமும் கூட்டாக நடத்தும், நூலின் தரத்தையும் துணியின் தரத்தையும் சோதிக்கக் கற்றுத்தரும் முதுகலைப் படிப்பு என்று சொன்னால் வாசகர்களுக்குப் போதும். பெயர்களை எழுதவில்லை. முதலில் சேர்ந்த பிள்ளைகள் முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் கோபம் இந்த வருஷச் சேர்க்கைக்காக அவர்கள் அச்சடித்திருக்கும் கையேட்டில் தொடங்கியது. அதன் நடுப்பக்கத்தில், படிப்பை முன்னின்று நடத்தும் பேராசிரியர்கள் மூன்று பேரின் படமும் கல்விப் பின்னணியும் இருக்கிறது. முதல் படம் உன்னுடையது. ஜெர்மனியில் கம்பளிச் சட்டைக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் கீழே இருந்த வரிகளைப் படித்தேன்.

நிறுவிய பேராசிரியர். முதுகலையில் முதல் வகுப்பு. நூலின் வலிமை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். ஜெர்மனியில் ஆய்வுப் பணி. அவ்வளவுதான். முதுகலைக்கு முன்னால் நீ பிறக்கவே இல்லை போலிருக்கிறது.

உனக்குப் பக்கத்தில் உன் ஜெர்மன் நண்பர். அவருடைய பத்தி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? சின்ன வயதில் ஒரு நெசவாலையில் தொழில் பழகச் சேர்ந்தார், பகலில் தறியும் மாலையில் பள்ளியுமாகப் படித்து மேலே வந்தார் என்று தொடங்குகிறது. மனிதர் அதை ஒளிக்கவில்லை. முதல் வரியிலேயே போட்டிருக்கிறார். அவரைப் பற்றி நீ சொல்வாய்: "அவரும் நம்ம கேசுதான் மதினி. பஞ்சைக் கண்டா ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத் தும்மல் வருது."

மூன்றாவது படம் இப்போதைய ஒருங்கிணைப்பாளருடையது. நீ போன பிறகு வெளியூரிலிருந்து வந்தவர். பள்ளியிலிருந்து முனைவர் பட்டம்வரை ஒவ்வொரு வரியிலும் 'முழுநேர வகுப்பில் பயின்றவர்' என்று மறக்காமல் போட்டிருக்கிறார்.

கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதிவைக்கிற பிள்ளைகள் உண்டு. விடை சரியாகவே இருக்கும். வழி எங்கே என்று கேட்பேன். "விடை சரிதானே டீச்சர்?" என்பார்கள். சரிதான், ஆனால் உன் வழி தெரிந்தால்தானே அடுத்த பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு வரும் என்று சொல்வேன். அந்தக் கையேட்டில் உன்னை வழி இல்லாத விடையாக எழுதியிருந்தார்கள்.

உன் வழி எனக்குத் தெரியும். நான் உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்தபோது நீ ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாய். நூலின் பருமனும் பலமும் பார்க்கிற சோதனை அறையில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். அதோடு அஞ்சல்வழியில் பி.எஸ்ஸி. கணிதம். பாடங்கள் பழுப்பு உறையில் வரும். "மத்த பிள்ளைகளுக்கு வாத்தியாரு வகுப்புக்கு வாராரு. என் வாத்தியாரு சைக்கிள்ல வாராரு பாருங்க" என்று தபால்காரரைக் காட்டுவாய். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்றால் மதுரைக்கு முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவாய்.

நிகழ்தகவு புரியவில்லை என்று ஒருநாள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாய். நான் அரிசி களைந்துகொண்டே சீட்டுக்கட்டு, பகடை என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு கண்டு நூலு எந்த எடத்துல அறும்னு சொல்ல முடியாது. ஆனா மொத்தத்துல எம்புட்டு அறும்னு சொல்லிறலாம். அதான மதினி?" என்று கேட்டாய். அதுதான். அன்றிலிருந்து என் வகுப்பில் பகடை போய் நூல்கண்டு வந்துவிட்டது. நீ முனைவர் பட்டம் வாங்கியதும் அதே அறுந்த நூலுக்குத்தான்.

அதனால்தானே இந்தப் படிப்புக்கு விதி எழுதியபோது, எந்த முறையில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம், நுழைவுத்தேர்வில் தேறினால் போதும் என்று வைத்தாய்? அந்த வரியை இப்போது மாற்றிவிட்டார்கள், நாயகி. முழுநேர வகுப்பில் படித்தவர்கள் மட்டும் வரலாமாம்.

கூமாப்பட்டி முத்துலட்சுமியை உனக்கு நினைவிருக்கும். ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கிற கம்பெனிக்கு நீ பேசப் போனபோது பின்வரிசையிலிருந்து கேள்வியாகக் கேட்டவள். அன்று சாயங்காலம் அவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தாய். என் முன்னால்தான் அவளிடம் சொன்னாய்: "வேலையை விடாம ஒரு டிகிரியை முடிச்சிட்டு வா. பரிச்சை எழுது. பாஸ் பண்ணினா உனக்கு எடம் உண்டு, நான் இருக்கேன்."

அவள் முடித்துவிட்டாள். தொலைநிலைக் கல்வியில் கணிதம், முதல் வகுப்பு. துணி சோதிக்கிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே. நீதான் இல்லை.

போன மாதம் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"பரிச்சை எழுதவே கூடாதுன்னுட்டாங்க டீச்சர். எழுதித் தோத்திருந்தாப் பேசாமப் போயிருவேன்."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். தபால்ல படிச்சதெல்லாம் ஒரு படிப்பாம்மான்னு அந்த ஆபீஸ்காரரு சிரிக்காரு. ஏன் சார், உங்க சம்பளம் பேங்க்லதான விழுது, யாரும் கையில குடுக்கலைன்னா அது சம்பளம் இல்லையான்னு கேட்டேன்."

"சண்டை போட்டுட்டுத்தான் வந்திருக்கே."

"இன்னும் எம்புட்டோ வச்சிருந்தேன் டீச்சர். உன்னை யாரு இங்க வரச் சொன்னான்னு கேட்டாரு. ரெங்கநாயகி மேடம்னேன். அவங்கதான் இல்லையேன்னாரு. எந்திரிச்சு வந்துட்டேன்."

வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். படிப்புக்குத் தகுந்தபடி இந்த வருஷம் ஷிப்டை மாற்றித் தரக் கம்பெனியில் ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். அடுத்த வருஷமும் தருவார்கள் என்று அவளுக்கு நிச்சயமில்லை. நீ அவளிடம் சொன்ன வார்த்தைக்கு உயிரோடு இருக்கிற சாட்சி நான் ஒருத்திதான். என்ன செய்வேன்? மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒருங்கிணைப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார். காபி வரவழைத்தார். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்று அன்று தெரிந்தது.

"சட்டப்படி ரெண்டு டிகிரியும் சமம்தான சார்?" என்று முத்துலட்சுமி கேட்டாள்.

"சமம்தாம்மா. நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா இது கூட்டுப் படிப்பு. அந்த நாட்டு ஸ்டாண்டர்டை நாம காப்பாத்தணும்ல?"

"அந்த நாட்டுப் பேராசிரியரே தறி ஓட்டிக்கிட்டு மாலைப் பள்ளியில படிச்சவர்தானே?" என்றேன். "நீங்களே அச்சடிச்சிருக்கீங்களே."

"மேடம், அவங்க ஊரு மாலைப் பள்ளி வேற. நம்ம ஊரு தபால் படிப்பு வேற."

எப்படி வேறு? ஜெர்மனியில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே படித்தால் அது உழைப்பு. ராஜபாளையத்தில் மில் சங்கைக் கேட்டுக்கொண்டே படித்தால் அது தரக்குறைவா? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ் நேராக வருகிறது, இன்னொன்று சுந்தரபாண்டியம் சுற்றி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றி வந்தவனைப் பார்த்து, நீ இன்னும் ஊருக்கு வந்து சேரவில்லை என்று சொல்வார்களா? இதை அவரிடமே கேட்டேன். சிரித்தார். சிரித்துவிட்டு அந்தக் கையேட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"ரெங்கநாயகி மேடத்தையே எடுத்துக்குங்க. இந்தப் படிப்பை ஆரம்பிச்சவங்க. அவங்க என்ன தபால்லயா படிச்சாங்க?"

"ஆமா," என்றேன்.

"இருக்காது மேடம். உங்க வீட்டுக்காரர்தானே இதை எழுதிக் குடுத்தார்?"

அவர் எழுதிக் கொடுத்தது எனக்கு அதுவரை தெரியாது. முத்துலட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள். கையேட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது உன் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் கையேட்டை வைத்தேன்.

"நாயகி மில்லுல வேலை பார்த்ததை ஏன் எழுதலை? அஞ்சல்வழியில படிச்சதை ஏன் எழுதலை?"

"செத்துப்போன பிள்ளையைப் பத்தி நல்லதா நாலு வரி கேட்டாங்க. குடுத்தேன்."

"மில்லு கெட்டதா?"

"கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னால எதைப் போடுவோம்? பெரிய பட்டத்தைத்தான போடுவோம்? மில்லுக்குச் சோத்துச்சட்டி தூக்கிட்டுப் போனதையா போடுவாங்க?"

நம் ஊர் வழக்கம் அதுதான், இல்லை என்று சொல்லவில்லை. பத்திரிகை அடிக்கும்போது மளிகைக் கடை வணிகமாகிவிடும். கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர் அதிகாரி ஆகிவிடுவார். நம் வீட்டுக் கல்யாணத்தில் உன் பெயருக்கு முன்னால் 'முனைவர்' சின்னதாக விழுந்துவிட்டது என்று உன் அண்ணன் அச்சகத்தில் போய்ச் சண்டை போட்டதும், மாப்பிள்ளை பெயரைவிட உன் பெயர் பெரிதாக வந்ததும், நீ வெட்கப்பட்டுப் பத்திரிகையை ஒளித்ததும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையைப் படித்துவிட்டு யாரும் யாருக்கும் கதவைச் சாத்துவதில்லையே! கல்லூரிக் கையேட்டையும் அதே கையால் எழுதலாமா?

முத்துலட்சுமிக்கு நடந்ததை அவரிடம் சொன்னேன். உன் பெயரைக் காட்டித்தான் அவளைத் திருப்பி அனுப்பினார்கள் என்று சொன்னேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது," என்றார்.

"மில்லுல அப்படி என்ன வெக்கம் உங்களுக்கு?"

தலையைத் தூக்காமலே சொன்னார்:

"வெக்கம் அவளால இல்ல. அப்பா போனதும், ரெண்டு பேருல ஒருத்தருதான் படிக்க முடியும்னு ஆச்சு. மார்க்கு அவளுக்குத்தான் கூட. நான் நிறுத்திக்கிடுதேன், தங்கச்சி படிக்கட்டும்னு என் வாயில வரலை. அவ மில்லுக்குப் போனா. நான் காலேஜுக்குப் போனேன். இப்ப மில்லுன்னு எழுதினா, படிக்கிறவன் அடுத்து என்ன கேப்பான்? அண்ணன்காரன் என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்னு கேப்பான்ல?"

இது எனக்குத் தெரியாது, நாயகி. உனக்கு அப்போது படிப்பில் மனம் போகவில்லை, நீயாகத்தான் மில்லுக்குப் போகிறேன் என்றாய் என்று மாமியாரும் உன் அண்ணனும் சொல்வார்கள். இத்தனை வருஷமும் நான் அதையே நம்பினேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? அடுப்படியில் அவ்வளவு கணக்குப் பேசினோமே, இந்த ஒன்றை ஏன் சொல்லவில்லை? அண்ணன் முகம் வாடக்கூடாது என்றா? இல்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்றா?

அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "உங்க வெக்கத்தை மூட அவ மில்லு வருஷத்தையா மறைச்சீங்க?" என்று கேட்டேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதன் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. சோறு போட்டேன், காபி கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் அவரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "அந்தப் பிள்ளைக்குப் போன் போடு. போவோம்," என்றார்.

போனோம். முத்துலட்சுமி ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தாள். ஒருங்கிணைப்பாளர் முன்னால் உட்கார்ந்து, எனக்குச் சொன்ன அத்தனையும் உன் அண்ணன் சொன்னார். எதையும் விடவில்லை. நான் எழுதினது தப்பு, என் தங்கச்சி மில்லுல வேலை பார்த்தவ, தபால்ல படிச்சவ, திருத்துங்க என்றார்.

ஒருங்கிணைப்பாளர் முகம் மலர்ந்துவிட்டது. அதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

"அருமையான கதை சார்! இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அடுத்த பதிப்புல ஒரு முழுப் பக்கம் போட்டிருவோம். மில்லுல எடுத்த பழைய போட்டோ ஏதாவது இருக்கா? இன்னொரு சந்தோஷமான விஷயம். புது ஆய்வுக்கூடம் திறக்கப்போறோம். மேடம் பேரைத்தான் வைக்கிறோம். குடும்பத்தோட சம்மதம் கேட்டு நானே வரணும்னு இருந்தேன். நீங்கதான் விளக்கேத்தணும்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் உன் அண்ணன். "இந்தப் பிள்ளை எப்ப பரிச்சை எழுதணும்?"

"அது வேற விஷயம் சார். விதின்னு ஒண்ணு இருக்கில்லையா? அடுத்த வருஷம் கமிட்டியில வச்சுப் பார்ப்போம்."

பார்த்தாயா, நாயகி? நீ பட்ட பாடு அவர்களுக்குப் பக்கத்தை நிரப்ப வேண்டும். அதே பாட்டைப் படுகிற பெண் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு ஒரு நாற்காலி கிடையாது. என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் உன் அண்ணன் பேசினார். பத்திரிகையில் உன் பெயர் சின்னதாக விழுந்ததற்குச் சண்டை போட்ட அதே மனிதர்.

"அப்ப என் தங்கச்சி பேரை வைக்காதீங்க."

"சார்?"

"அவ இன்னைக்கு விண்ணப்பம் போட்டா நீங்க உள்ள விடமாட்டீங்க. உள்ள விடாத பிள்ளை பேரை வாசல்ல எதுக்கு எழுதுதீங்க? குடும்பத்துச் சம்மதம் வேணும்னீங்கள்ல? கிடையாது. பேப்பர் குடுங்க, எழுதிக் குடுத்துட்டே போறேன்."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானும் கீழே போட்டேன். அவர் வரவழைத்த காபியை மூவருமே தொடவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். முத்துலட்சுமி, "நல்லாத்தான் பேசுனீங்க சார். மேடம் பேரும் போச்சு, எனக்கு சீட்டும் இல்லை. இப்ப ரெண்டு பேரும் வெளியில நிக்கோம்," என்றாள். உன் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. உன்னை உள்ளே வைத்து அவளை வெளியே நிறுத்துவதற்கு, இரண்டு பேரும் ஒன்றாக வெளியே நிற்பது மேல். நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய், இல்லையா?

உன் ஜெர்மன் நண்பருக்கு நானே கடிதம் எழுதினேன். அவர் நாட்டுத் தரத்தைக் காட்டித்தான் இங்கே கதவை அடைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. நுழைவுத்தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் நின்று படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரிய நாற்காலிகளில் இருக்கிறவர்களில், அஞ்சல்வழியிலும் மாலை வகுப்பிலும் படித்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். சில பேருக்குக் கணக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் பெயருக்குக் கீழே நீங்கள் வந்த வழியை எழுதுங்கள். நீங்கள் ஒளித்துவைக்கும் ஒவ்வொரு வருஷத்தையும் காட்டித்தான் இன்னொரு பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

நாயகி, முத்துலட்சுமிக்கு நீ கொடுத்த வார்த்தை இனி என் வார்த்தை. திறப்பு விழாவுக்கு நானும் உன் அண்ணனும் போகமாட்டோம். அவள் தேர்வு எழுதுகிற நாளில் போவோம். எந்த வருஷமாக இருந்தாலும் போவோம். தேறுவதும் தேறாததும் அவள் பாடு. உட்கார்ந்து எழுத அவளுக்கு ஒரு பெஞ்சு கிடைக்கும்வரை உன் பெயரை அந்தச் சுவரில் எழுத விடமாட்டேன்.

இப்படிக்கு,
மில்லுக்குப் போன ரெங்கநாயகியின் மதினி,
சண்முகத்தாய்